எந்த யான்னிஸ்?

இந்த ஒரு விஷயத்திலாவது மனைவியை ஜெயித்தே தீருவது என்று இக்னாத்திஸ் முடிவு செய்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவன் எடுத்த நாற்பத்திரண்டாவது முடிவு இது. முதல் நாற்பத்தொன்றும் என்ன ஆயின என்று கேட்டு அவன் மனதைப் புண்படுத்த வேண்டாம். லெஸ்போஸ் தீவில், நான் பிழைக்கப் போய் இருபது வருஷமாகக் குடியிருக்கும் துறைமுகத் தெருவில், பூட்டுக் கடை வைத்திருப்பவன் அவன். எந்தப் பூட்டையும் திறந்துவிடுவான். கலியோப்பி வாயைத் திறந்தால் மட்டும் இவன் வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

விவகாரம் பிள்ளையின் பேர். ஒன்பது வருஷக் காத்திருப்புக்குப் பிறகு, டாக்டர்களும் கைவிரித்த பிறகு, செப்டம்பரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. எங்கள் ஊரில் ஞானஸ்நானம் ஆகும்வரை பிள்ளைக்குப் பேர் கிடையாது, வெறும் 'குட்டி'தான். முதல் பையனுக்கு அப்பாவழித் தாத்தாவின் பேர் வைக்க வேண்டும். இக்னாத்திஸின் அப்பா பேர் யான்னிஸ். அப்புறம் என்ன தகராறு என்பீர்கள். கலியோப்பியின் அப்பா பேரும் யான்னிஸ்.

யான்னிஸ் என்றால் வேறு யாருமில்லை, நம் யோவான்தான். நம்மூரில் அருளப்பன் என்று அழகாகத் தமிழாக்கி வைத்திருக்கிறோமே, அதே ஆள். எங்கள் தெருவில் நின்று 'யான்னி' என்று கூப்பிட்டால் பதினோரு தலை திரும்பும். அதனால் ஆளுக்கொரு வடிவம். ரொட்டிக்கடை வைத்திருந்த இக்னாத்திஸின் அப்பா யான்னாகோஸ். பத்மோஸ் தீவில் படகு ஓட்டிய மாமனார் யாங்கோஸ். மீன்காரர் யான்னூலிஸ். சர்ச் பதிவேட்டில் மட்டும் எல்லாரும் ஒரே இயோவான்னிஸ்.

"ரெண்டு தாத்தாவுக்கும் ஒரே பேரு. இதுல சண்டை போட என்ன இருக்கு?" என்றாள் கலியோப்பி, குட்டிக்குத் துணி மாற்றிக்கொண்டே.

"எந்த யான்னிஸுன்னு ஒண்ணு இருக்கே."

"ஒரு பேருக்குள்ள ரெண்டு பேரும் இருந்துட்டுப் போகட்டும்."

"எங்கப்பா ஒரே ரொட்டிய ரெண்டு பேருக்கு வித்ததில்ல."

"அவரு வித்த ரொட்டிய ரெண்டு பேர் சேர்ந்து கடிச்சாலும் பிய்யாது. அத விடு. ஞானஸ்நானத்த மே மாசம் வெச்சுக்கலாம். இந்தக் குளிர்ல புள்ளைய எப்படித் தண்ணில முக்குறது?"

இக்னாத்திஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யான்னிஸ்களுக்குப் பண்டிகை நாள் இரண்டு. இவன் அப்பா கொண்டாடுவது முழுக்குக் கொடுத்த யோவானை, ஜனவரி ஏழில். பத்மோஸ்காரர் கொண்டாடுவது நற்செய்தி எழுதிய யோவானை, மே எட்டில். எந்த நாளில் ஞானஸ்நானமோ, பேர் அந்தத் தாத்தாவுக்குத்தான் என்று ஊர் பேசும். எழுபத்தாறு வயது யான்னாகோஸ் காபிக்கடையில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் "என் பேரு வரப்போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "உன் பேருதாம்ப்பா" என்று இவன் தலையில் அடித்துச் சத்தியம் வேறு செய்திருந்தான்.

யோசித்தான். அப்புறம் வாழ்நாளில் முதல்முறையாகப் புனிதர் பேரில் பொய் சொன்னான்.

"மே மாசம் முடியாது, கலியோப்பி. நான் வேண்டிக்கிட்டிருக்கேன். புள்ள பொறந்தா முழுக்கு யோவான் நாள்ல, அவரு பேரயே வெக்கிறேன்னு."

கலியோப்பியின் கை நின்றது. மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டாள்.

"வேண்டுதலா? எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"சொன்னா பலிக்காது."

"என்ன குடுக்கறதா வேண்டிக்கிட்ட?"

இதை அவன் யோசிக்கவில்லை. "பேருதான்."

"பேரு மட்டுமா? வெறுங்கையோட போனவனுக்கு எந்தப் புனிதர் புள்ள குடுப்பாரு?"

"சிகரெட்ட விடறேன்னு சொன்னேன்."

அவள் கண் கலங்கியது. மனைவி கண் கலங்கி இவனைப் பார்த்ததே இல்லை. இவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவள் கண் கலங்கக் கலங்க வேண்டுதல் வளர்ந்தது. மலைமேல் இருக்கும் முழுக்கு யோவான் கோயிலுக்கு வெறுங்காலோடு எண்ணெய் டின் சுமந்து போவதாகச் சொன்னேன் என்றான். பதினோரு கிலோமீட்டர். ஜனவரியில். நல்லவேளை, அதற்குள் குட்டி அழுதது. இல்லாவிட்டால் மொட்டை அடித்துக்கொள்வதாகவும் சொல்லியிருப்பான்.

"நீ இவ்வளவு நல்லவன்னு எனக்குத் தெரியாமப் போச்சே, இக்னாத்தி. ஜனவரி ஏழே வெச்சுக்கலாம்" என்றாள்.

ஜெயித்துவிட்டான். மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. காபிக்கடையில் பாக்கெட்டை எடுத்தான். கடைக்காரர் அதைப் பிடுங்கிக்கொண்டார். "வேண்டுதல்ப்பா. விளையாடாத." எதிரே வந்த பாதிரியார் கையைப் பிடித்துக்கொண்டு, "யான்னிஸ்னா என்ன அர்த்தம் தெரியுமா? கடவுள் கருணை காட்டினார்னு அர்த்தம். உனக்கு அப்படியே பொருந்துது" என்றார். இக்னாத்திஸ் தலையைக் குனிந்துகொண்டான். ஊரே அதைப் பணிவு என்றது.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் யான்னாகோஸ் பூட்டுக் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"வேண்டிக்கிட்ட புள்ளயாமே."

"ஆமாப்பா. உன் நாள்லயே வெச்சிருக்கேன், பாத்தியா?"

"வேண்டிக்கிட்டு வந்த புள்ளைக்குத் தாத்தா பேரு ஏதுடா? அது புனிதரோட பேரு. என்னுது இல்ல, பத்மோஸ்காரனுதும் இல்ல." கல்லாவின் ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்றார். "பரவால்ல. எனக்கென்ன, வயசாயிடுச்சு."

போய்விட்டார். யாருக்காகப் பொய் சொன்னானோ அவருக்கே பேர் இல்லாமல் போயிற்று. உண்மையைச் சொன்னால் புனிதரை வைத்துப் பொய் சொன்னவன் என்று ஊர் காறித் துப்பும். சொல்லாவிட்டால் அப்பா முகத்தில் இனி எப்படி முழிப்பது?

மறுநாள் விடிந்ததும் நடந்தான். டின் கனத்தது. கால் மரத்துப்போனது. திரும்பி வந்து, நொண்டிக்கொண்டே சர்ச்சுக்குள் நுழைந்தபோது பாதிரியார் "இயோவான்னிஸ்" என்று சொல்லி, குட்டியை மூன்று தடவை முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். குட்டி வீரிட்டான். யான்னிஸ் ஆகிவிட்டான்.

விருந்தில் ஆட்டிறைச்சியைத் தொடாமல் யான்னாகோஸ் உட்கார்ந்திருந்தார். கலியோப்பி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மடியில் போட்டு, அந்த மேஜைக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"சாப்பிடுங்க மாமா. இது உங்க யான்னிஸ்."

"வேண்டுதல் புள்ளம்மா."

"வேண்டுதலும் இல்ல, வெங்காயமும் இல்ல. உங்க மகன் பொய் சொன்னாரு. பேரு உங்களுக்கு வரணுங்கறதுக்காக. அந்தப் பொய்க்காகப் பதினோரு கிலோமீட்டர் வெறுங்கால்ல நடந்திருக்காரு. வேற எந்த மகன் செய்வான்?"

யான்னாகோஸ் மகனின் காலைப் பார்த்தார். வீங்கியிருந்தது. அப்புறம் பிள்ளையின் நெற்றியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அழுதபடியே இறைச்சித் தட்டை இழுத்துக்கொண்டார். எதிரே யாங்கோஸ் கோபப்படாமல் சிரித்துக்கொண்டே அவருக்கு மது ஊற்றினார். அந்த நிமிஷம் இக்னாத்திஸுக்கு மனைவியைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஒன்பது வருஷம் கழித்து ஒரு பிள்ளை, அப்பா முகத்தில் சிரிப்பு, இப்படி ஒரு மனைவி. கருணை காட்டினார்தான், சந்தேகமே இல்லை.

அவளை ஓரமாக அழைத்துப்போனான். "பொய்யின்னு எப்போ தெரியும்?"

"நீ வாயத் தெறந்தப்பவே. பொய் சொன்னா உன் இடது காது செவக்கும்."

"அப்புறம் ஏன் நடக்க விட்ட? சரி போகட்டும். வேண்டுதல்தான் பொய்யாயிடுச்சே." நிம்மதியாக மூச்சு விட்டு, மீன்காரர் யான்னூலிஸிடம் ஒரு சிகரெட் வாங்கி வாயில் வைத்தான்.

கலியோப்பி அதை மெதுவாக உருவி எடுத்தாள்.

"உன்னோடதுதான் பொய். என்னோடது நெஜம். பத்மோஸ் போயிருந்தப்ப நற்செய்தி யோவான்கிட்ட வேண்டிக்கிட்டேன். புள்ள பொறந்தா என் புருஷன் சிகரெட்ட விட்டுடுவாரு, வெறுங்கால்ல மலையேறி வருவாருன்னு. அப்பாவும் பக்கத்துல நின்னாரு."

"என் கால வெச்சு நீ எப்படி வேண்டிக்கலாம்?"

"என் காலுதான் பத்து மாசம் வீங்கிக் கெடந்துச்சே. தவிர, விடறதுக்கு எங்கிட்ட ஒரு கெட்ட பழக்கமும் இல்ல. நீயா வந்து மாட்டறவரைக்கும் இத எப்படிச் சொல்றதுன்னு தவிச்சிட்டிருந்தேன்."

இக்னாத்திஸ் சுவரில் சாய்ந்தான். பிள்ளையைப் பார்த்தான். பிள்ளை தாத்தாவின் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அதற்காக எதை வேண்டுமானாலும் விடலாம் என்று தோன்றியது.

"சரி. சிகரெட்ட விட்டாச்சு. மலையும் ஏறியாச்சு. எல்லாம் தீந்துது இல்ல?"

கலியோப்பி அவன் காலைப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

"நீ ஏறினது உன் யான்னிஸ் மலை. என் யான்னிஸுக்கு மே மாசம் எட்டாம் தேதி."