டொக்டொக் சார் படகுக்கு வைத்த பொட்டு

பாம்புக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, மேனேஜருக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. ஒரு சொட்டு வியர்வையைக் கண்டு நடுங்கிய மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் டொக்டொக் சார் ஒருவர்தான்.

கப்பல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அயனம்பாக்கத்தில் என் லேத் பட்டறைக்குப் பக்கத்து மனையை வாடகைக்குப் பிடித்து, ஒருநாள் டிரெய்லரில் பழைய இரும்புப் பாய்மரப் படகு ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். பாடி மேம்பாலத்தில் பஸ்ஸெல்லாம் அதற்கு ஒதுங்கி வழிவிட்டதாம். எதிர் டீக்கடை செல்வியக்கா வாயைப் பிளந்தாள்.

“இன்னா சார், ஏரில உடப் போறியா?”

“கடல்லம்மா.”

“கடலு அந்தாண்ட கீது. நீ இந்தாண்ட இட்டாந்துகீற!”

“அங்க உப்புக் காத்து. சுரண்டச் சுரண்ட துரு வரும். இங்க கொஞ்சம் மெதுவா வரும்.”

கையில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல். படகை அங்குலம் அங்குலமாகத் தட்டுவார். ‘டிங்’ என்றால் நல்ல தகடு. ‘டொக்’ என்றால் உள்ளே துரு. படகோடு விட்டாரா? என் ஸ்கூட்டரைத் தட்டினார், பட்டறைக் கேட்டைத் தட்டினார். “டொக்! இது தாங்காதுங்க” என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். செல்வியக்காவின் பாய்லர் அடுப்பையும் தட்டியபோது அவள் சொன்னாள்: “எங்க ஊட்டுக்காரரையும் ஒரு தட்டு தட்டிப் பாரு சார். எத்தினி வருசம் தாங்கும்னு தெரிஞ்சிக்கலாம்.”

சுரண்டிப் பளபளவென்று ஆக்கிய இரும்பில் வெறுங்கை படக்கூடாது. ஒருமுறை தெரியாமல் சாய்ந்துவிட்டேன். “கையை எடுங்க! உங்க வியர்வை பூரா உப்பு!” என்று அலறினார். ஏதோ நான் மட்டும்தான் உப்புப் போட்டுச் சாப்பிடுகிறவன் மாதிரி.

மழைக்கு முன்னால் பெயிண்ட் ஏறியாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு மழைக்காலம் அவரை ஏமாற்றிவிட்டது. சுரண்டியதெல்லாம் மறுபடி துருப்பிடித்து, படகு தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது. இந்த முறை கிரேன் லாரிக்கும் சொல்லியாகிவிட்டது. அடிப்பாகம் முழுவதும் சுரண்டி முடித்தார். முதல் பூச்சுக்கான பிரைமர் போதவில்லை. “மதியத்துக்குள்ள வந்துடறேன், பாத்துக்குங்க” என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டு பாரிமுனைக்குப் போனார்.

அன்றைக்கு ஆயுத பூஜை.

“அல்லாரும் வண்டிக்குப் பூஜை போடுறீங்க. சாரு படகு மட்டும் அநாதையா?” என்றாள் செல்வியக்கா. நியாயம்தானே? வண்டியென்றால் முதலில் கழுவ வேண்டும். பட்டறை ஆட்கள் தேய்த்தார்கள், ஓஸ் பைப்பைப் பிடித்தவன் நான். செல்வியக்கா வரிசையாகச் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தாள். பார்க்க அவ்வளவு லட்சணம்! அவர் வியர்வையைப் பற்றித்தான் சொன்னாரே தவிர, தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது நான் இன்றுவரை எனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம்.

அவர் திரும்பி வந்தபோது படகு முழுக்க ஆரஞ்சு நிறத்தில் துரு பூத்திருந்தது. டப்பாக்களைக் கீழே வைத்தார். மேகத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

“நல்லது நெனச்சித்தான் சார்...” செல்வியக்கா இழுத்தாள்.

“யார் யாரெல்லாம் கை வெச்சீங்க?”

பதினோரு பேர் தலையைக் குனிந்தோம்.

“நாளைக்குக் காலைல எல்லாரும் கையுறை மாட்டிக்கிட்டு வாங்க.”

அப்படியாக அந்த விஜயதசமியில் எங்களுக்கு உப்புத்தாளில் வித்யாரம்பம் நடந்தது. உச்சிவெயிலில் துரு போயிற்று, பொழுது சாய்வதற்குள் பிரைமர் ஏறிவிட்டது. பெயிண்டும் ஏறிக் காய்ந்த பிறகு மழை பிடித்தது. படகின் மேல் விழுந்த தண்ணீர் ஒட்டாமல் ஓடியதைக் குடை பிடித்துக்கொண்டு பதினோரு பேரும் வேடிக்கை பார்த்தோம்.

கிரேன் லாரி வந்த அன்று கவனித்தோம், படகின் மூக்கில் மஞ்சள் வட்டம், நடுவில் சிவப்பு. அசல் சந்தனப் பொட்டு. எல்லாம் பெயிண்ட்.

“இனிமே அழியாதும்மா. யாரும் கழுவவும் வேணாம்” என்றார் செல்வியக்காவிடம்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கை வெக்கலாமா சார்?” என்று கேட்டுவிட்டுத்தான் படகைத் தொட்டாள்.

படகோடு அவர் கடலுக்குப் போய்விட்டார். இப்போதும் பட்டறையைத் திறக்கும்போதெல்லாம் கேட்டை விரலால் ஒரு தட்டு தட்டுகிறேன். ‘டொக்’ என்றுதான் கேட்கிறது. மாற்றவேண்டும் என்றுதான் இருக்கிறேன், ஆனால் என்றைக்காவது அவர் வந்து திட்டட்டும் என்று அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.