பாதி மேடத்தின் தோள்வலி

காஞ்சிபுரத்துப் பேய்கள் எல்லாம் சேர்ந்து யாரையாவது கண்டு பயந்திருந்தால், அது எங்கள் பாதி மேடத்தைக் கண்டுதான் இருக்கும்.

மகளிர் கல்லூரியில் படித்தபோது நான் சியர் டீமில் இருந்தேன். போட்டிகளில் ஆடிக் குரல் கொடுத்து, ஒருத்தியை உயரத் தூக்கிப் பிடித்து, எங்கள் அணியை உற்சாகப்படுத்தும் வேலை. மேடம் எங்கள் பயிற்சியாளர். எதற்கும் "பாதி போதும்மா" என்பார். அதனால் அந்தப் பெயர். நடந்தால் சத்தமே வராது. திரும்பினால் பின்னால் நிற்பார்.

அணிக்கு ஆள் எடுத்த அன்று ஐயம்பேட்டை யமுனா முழங்கையைப் பின்பக்கமாக வளைத்து, கட்டைவிரலை மணிக்கட்டில் படுக்கவைத்தாள். எல்லோரும் கைதட்டினோம். மேடம் மட்டும் செத்துப்போன யாரையோ பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார்.

"வித்தை இல்லம்மா இது. தறியில பாவு நூலு தொளதொளன்னு இருந்தா நெய்ய முடியுமா? உன் மூட்டு அப்படி இருக்குது. சதைக்குப் பலம் ஏத்தணும். எதையும் கடைசி வரைக்கும் நீட்டாத."

கை எங்கே, கால் எங்கே என்று கண் பார்க்காமலே உடம்புக்குத் தெரிய வேண்டுமாம். சாயங்காலத்தில் அரங்கின் விளக்கை அணைத்து, கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கவைப்பார். அந்த அமைதியில் யமுனாவின் மூட்டு 'டக்' என்னும். "இடுப்பு" என்பார் இருட்டுக்குள்ளிருந்து. இன்னொரு 'டக்'. "கணுக்கால்."

ஒருநாள் ஜன்னல் வழியே பார்த்த வாட்ச்மேன் பிரின்சிபாலிடம் ஓடினார். "பொண்ணுங்கல்லாம் கண்ண மூடிக்கினு ஒத்தக்கால்ல நிக்குதுங்கம்மா! எலும்பு பேசுது!"

பிரின்சிபால் வந்து கதவைத் திறந்தார். 'டக்.' "முழங்கால்" என்றது இருட்டு. அம்மையார் கதவைச் சாத்திவிட்டு வந்த வழியே போனார்.

போட்டிக்கு முந்தைய ஒத்திகை. யமுனா எங்கள் கைகளின்மேல் நின்றாள். வேடிக்கை பார்த்தவர்கள் "ஃபுல்லா! ஃபுல்லா!" என்று கத்த, பின்னால் தூக்கிய காலைப் பிடிக்கக் கையை முழுசாக நீட்டினாள். மேடம் வராந்தாவில், எங்களுக்கு முதுகைக் காட்டி, போன் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று தன் வலது தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எறக்குங்க அவள!"

இறக்கினோம். கால் தரையில் பட்டதும் யமுனாவின் வலது தோள் சத்தமில்லாமல் நழுவியது. தொங்கிய கையை வேறு யாருடையதோ என்பதுபோல் பார்த்தாள்.

"யாரும் இழுக்காதீங்க!" மேடம் துப்பட்டாவால் கையை மார்போடு கட்டி, அவளை ஆட்டோவில் ஏற்றினார். நானும் ஏறிக்கொண்டேன்.

"திரும்பியே பாக்கலையே மேடம். எப்டித் தெரிஞ்சுது?" யமுனா முனகினாள்.

"எனக்கும் உன்னாட்டம் மூட்டுதாம்மா. நழுவறதுக்கு முன்னாடி வலிக்கும். என்னுதா, மத்தவங்களுதான்னு அதுக்குத் தெரியறதில்ல."

டிரைவர் எங்களைக் காட்டிய கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

செவிலிமேட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் தோளை உள்ளே ஏற்றினார். எலும்பு உடையவில்லை. கட்டோடு சில வாரம் இருந்தால் மறுபடி ஆடலாம் என்றார். மேடம் அதை அவரை மூன்று தடவை சொல்லவைத்தார். பிறகு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர், அப்படியே தூங்கிப்போனார். குறட்டை வேறு. மெல்லச் சரிந்த தலை என் தோளில் வந்து விழுந்தது.

எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. யமுனா வந்து மேடத்தை எழுப்பப் போனாள். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன்.