பரவால்லைங்க

முறத்தில் புடைத்து வைத்திருந்த உளுந்தின்மேல் ராஜவேல் காபியைக் கொட்டிவிட்டார்.

"பரவால்லைங்க" என்றாள் பூங்காவனம்.

அவருக்கு வியர்த்தது. இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் மனைவி வாயிலிருந்து அந்தச் சொல்லை அவர் கேட்டதில்லை.

அவருக்குப் பித்தப்பையை எடுத்துப் பதினைந்து நாள் ஆகிறது. எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நேற்று பெரம்பலூருக்குப் போய் ரிப்போர்ட் வாங்கி வந்தது பூங்காவனம்தான்.

"ரிப்போர்ட்ல என்னதான் போட்டிருக்கு?"

"நல்லா இருக்குன்னுதாங்க போட்டிருக்கு."

இவ்வளவு மெதுவாகச் சொன்னால் எப்படி நம்புவது?

சோதித்துப் பார்த்தார். தோட்டத்துச் சேற்றுச் செருப்போடு அடுப்படிக்குள் போய் நின்றார். அவள் செருப்பைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு துணி எடுத்துத் துடைத்தாள்.

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது.

"எங்க அக்காவ வரச் சொல்றேன். பத்து நாள் தங்கட்டும்."

பூங்காவனம் கண்ணை மூடித் திறந்தாள். "வரட்டுங்க."

இனி சந்தேகமே இல்லை. பத்து நாள் தாங்காது போலிருக்கிறது.

விக்கிரமங்கலத்துக்குப் போன் போட்டார். "அக்கா" என்றதுமே அழுகை வந்துவிட்டது. லீலாவதிக்குச் சாயங்கால பஸ்தான் கிடைத்தது.

மதியம் கஞ்சி. உப்பு குறைவு. ஆனால் அப்படி ஒரு கஞ்சியை அவர் குடித்ததில்லை. சிமென்ட் லாரி கிளப்பிவிட்டுப் போன புழுதி வெயிலில் மின்னியது. எதிர்வீட்டுத் தங்கசாமி இரவல் வாங்கிய ஏணியை ஒரு வருடமாகத் திருப்பித் தரவில்லை. அவர்கூட அன்று நல்ல மனிதராகத் தெரிந்தார்.

"ஏணிய நீங்களே வெச்சுக்குங்க தங்கசாமி."

தங்கசாமி பயந்துபோய் ஏணியைக் கொண்டுவந்து சாத்திவிட்டுப் போனார்.

லீலாவதி வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"வாயாலயே எந் தம்பிய அரிச்சுத் தின்னுட்டியேடி!"

"காபி குடிக்கிறீங்களா அண்ணி?" என்றாள் பூங்காவனம்.

ராஜவேல் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ திட்டித் திட்டித்தான் நான் மனுசனா இருந்தேன், பூங்காவனம். நல்லாத்தான் வெச்சிருந்த என்னய. போறதுக்குள்ள ஒரே ஒரு தடவ திட்டிடு."

அவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடினாள். லீலாவதி ஒப்பாரியை எடுத்தாள்.

அரியலூர் காலேஜிலிருந்து வந்த மகள் வினோதினி பையை இறக்கி வைத்தாள். உளுந்தைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ரிப்போர்ட் நல்லபடியா வந்தா மறுநாள் விளக்கு வெக்கிற வரைக்கும் உங்களத் திட்டறதில்லன்னு அம்மா சாமிகிட்ட வேண்டியிருக்குப்பா, இன்னும் பத்து நிமிசந்தான் இருக்கு, அத்தையக் கூட்டிக்கிட்டு நீங்களும் பஸ் ஏறிடுங்க."