நடந்த அற்புதம்

மனித குலத்தின் ஆன்மிக வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம். செல்பேசியைப் படுக்கவைத்துப் பிடித்த இருண்ட காலம். அதை நிமிர்த்திப் பிடித்த ஒளிமிகு காலம். இராயபுரம் இரண்டாவது காலத்துக்குள் அடியெடுத்து வைத்தது எங்கள் 'கலங்கரை மாணவர் ஐக்கிய'த்தின் செயற்குழுக் கூட்டத்தில்தான். அக்கூட்டத்தில் ஊடகச் செயலர் என்ற பொறுப்பில் நானும் வீற்றிருந்தேன் என்பதைத் தாழ்மையோடு பதிவு செய்கிறேன்.

அதற்கு முன் நாங்கள் எவ்வளவு பின்தங்கிக் கிடந்தோம் என்று சொல்லவே நாக்கூசுகிறது. சனிக்கிழமை மாலைகளில் ஆலயத்துக்குப் பின்னால் உள்ள ஹாலில் கல்லூரிப் பிள்ளைகள் கூடுவார்கள். பாடுவார்கள். ஒருவர் கஷ்டத்தை இன்னொருவர் உட்கார்ந்து கேட்பார். பொருளாளர் ஃப்ளோரா அக்கா, தண்டையார்பேட்டையில் பள்ளி ஆசிரியை, ஃபிளாஸ்கில் டீயும் ஒரு பொட்டலம் மசால் வடையும் கொண்டுவருவார். இதில் கொடுமை என்னவென்றால், இவ்வளவும் நடந்தது வெளியே ஒரு ஆளுக்குக்கூடத் தெரியாது.

இந்த அவலத்திலிருந்து எங்களை மீட்டவர் ஒருங்கிணைப்பாளர் சகோதரர் கில்பர்ட் தயாளன். 'மாணவர் ஊழியத்தில் சமூக ஊடகத்தைத் திறம்படப் பயன்படுத்துவது எப்படி' என்ற ஒருநாள் பயிலரங்குக்குப் போய், மதியம் பிரியாணியும் மாலை ஞானமும் பெற்றுத் திரும்பினார். திரும்பிய வேகத்திலேயே செயற்குழுவைக் கூட்டினார்.

"ஹால்ல பதினஞ்சு பேர். ரீல்ஸ்ல பதினஞ்சாயிரம் பேர். ஆண்டவர் எதை விரும்புவார்?" என்று கேட்டார்.

"அவர்கிட்ட யாராவது கேட்டீங்களா தம்பி?" என்றார் ஃப்ளோரா அக்கா.

இக்கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் பதிவு செய்யப்படவில்லை. பின்வரும் தீர்மானங்கள் நிறைவேறின. சனிக்கிழமைக் கூட்டம் இனி 'உள்ளடக்க உருவாக்க அமர்வு' எனப்படும். ஹாலின் பாசி படிந்த சுவர் கறுப்புத் துணியால் மறைக்கப்படும். வாயில் வடையோடு துதிப்பது திரையில் எடுபடாததால் வடை நிறுத்தப்படும். உறுப்பினர்களின் கஷ்டங்கள் தொண்ணூறு விநாடிக்குள் அடங்க வேண்டும்.

இந்தப் பொற்காலத்தில்தான் ஒரு சனிக்கிழமை சகோதரி மகிமா ஓடிவந்தார். திருவொற்றியூர்ப் பெண், பி.காம். இரண்டாம் ஆண்டு, அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். அவர் தகப்பனார் ராமதாஸ், எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் கான்ட்ராக்டரிடம் வேலை பார்ப்பவர்.

"அண்ணா, எங்க நைனா கால் மேல கண்டெய்னர் கதவு வுயுந்துட்சிண்ணா. முட்டிக்குக் கீய எலும்பு நொறுங்கிப் போய்கீது. ஆஸ்பத்திரில போட்டுகினு கீறோம். எல்லாரும் ஜெபம் பண்ணுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

பிள்ளைகள் பதறி எழுந்தார்கள். சகோதரர் கில்பர்ட் கையை உயர்த்தினார். ஜெபிக்கப் போகிறார் என்று எண்ணி நாங்கள் கண்களை மூடினோம்.

"யாரும் அசையாதீங்க. அந்த லைட்டைப் போடு" என்றார்.

படப்பிடிப்பு தொடங்கியது. முதல் பதிவில் மொழிச் சிக்கல் எழுந்தது.

"சிஸ்டர், 'நைனா' வேணாம். கோயம்புத்தூர் விசுவாசிகளுக்குப் புரியாது. 'என் தகப்பன்'னு சொல்லுங்க."

"எங்க நைனாவ நைனான்னுதானேண்ணா கூப்புடுவேன்?"

"அதை வீட்ல வெச்சுக்கங்க. 'வுயுந்துட்சி'யும் வேணாம். 'விழுந்து நொறுக்கினது.' எங்க, ஒரு தடவை."

"என் தகப்பன் மேல... கதவு விழுந்து... நொறுக்கினது."

"பிரமாதம். ஆனா இப்ப அழுகை வரலையே. மொதல்ல வந்துச்சு பாருங்க, அதை அப்படியே கொண்டு வாங்க."

"அது தானா வந்துச்சிண்ணா."

"தானா வர்றதை ஃப்ரேமுக்குள்ள வரவைக்கிறதுக்குப் பேர்தான் ஊழியம், சிஸ்டர்."

மூன்றாவது பதிவில் அழுகை வந்தது. அது தகப்பனை நினைத்து வந்ததா, எங்களைப் பார்த்து வந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. ஒலி தெளிவாக இருந்தது. எல்லாம் முடிந்தபோது அனைவரும் களைத்துப் போயிருந்ததால், ஜெபம் அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

படத்தொகுப்பு என் பொறுப்பு. ராமதாஸ் என்ற பெயர் பார்வையாளர்களைக் குழப்பும் என்று சகோதரர் கருதியதால் 'தாஸ் ஐயா' என்று சுருக்கினோம். பெரிய குறை ஒன்று மிச்சமிருந்தது. படத்துக்கு முடிவு இல்லை.

"சோகமா முடிஞ்சா யாரும் ஷேர் பண்ண மாட்டாங்க. அற்புதம் வேணும்" என்றார் சகோதரர்.

"அவர் இன்னும் ஆஸ்பத்திரிலதானே இருக்காரு" என்றேன்.

"எப்படியும் எழுந்திருக்கப் போறவர்தானே? விசுவாசத்தால முன்கூட்டியே போட்டுடலாம்."

மறுநாள் காலை காசிமேட்டுக் கடற்கரைக்குப் போனோம். சகோதரர் கில்பர்ட் கால்சட்டையைக் கழற்றி, இரவல் வாங்கிய லுங்கி ஒன்றைக் கட்டிக்கொண்டார். இளவெயிலில், ஈர மணலில், இரண்டு கால்கள் மெல்ல நடந்தன. அந்தக் கால்களை மட்டும் மிக நெருக்கத்தில் படம் பிடித்தேன். மகிமாவின் கண்ணீர், பிறகு கால்கள், பிறகு இசை. மேலே தங்க நிற எழுத்தில் தலைப்பு: 'நடந்த அற்புதம்!'

"அந்த மனுஷன் நடக்கலையே தம்பி" என்றார் ஃப்ளோரா அக்கா.

"அற்புதம் நடந்ததுன்னுதான் போட்டிருக்கோம்க்கா. அவர் நடந்தார்னு எங்க போட்டிருக்கோம்? பார்க்கிறவங்களா அவரை நடக்க வெச்சுக்கிட்டா நாம என்ன பண்றது?"

இலக்கணத்தின் இந்த நுட்பத்தைப் பாராட்டாமலே ஃப்ளோரா அக்கா எழுந்து போனார்.

வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். 'ஆமென்' மழையாகக் கொட்டியது. மலேசியாவிலிருந்து ஒரு தாயார் கைகூப்பும் படத்தை வரிசையாகப் பதினோரு தடவை அனுப்பியிருந்தார். லுங்கி எந்தக் கடையில் கிடைக்கும் என்றுகூட ஒருவர் கேட்டிருந்தார். அந்த இரண்டு லட்சம் பேரில் யார்டு கான்ட்ராக்டரின் மேனேஜரும் ஒருவர். எங்கள் செய்தி தொழில்துறை வட்டாரங்களையும் ஊடுருவியதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதுவரை கான்ட்ராக்டர், ராமதாஸ் எழுந்து நிற்கும்வரை பாதிக் கூலி தருவதாக ஒப்புக்கொண்டு, தந்தும் வந்திருக்கிறார். வீடியோவைப் பார்த்த வாரமே அது நின்றது. மகிமா மறுபடி ஓடிவந்தார்.

"ஆபீசுக்குப் போனா மேனேஜரு போனத் தூக்கிக் காட்றாருண்ணா. 'பீச்சுல வாக்கிங் போறவனுக்கு இன்னாத்துக்கு சும்மா கூலி? திங்கக்கெயம வேலைக்கு வரச் சொல்லு, இல்லாங்காட்டி வேற ஆள் போட்டுக்கறோம்'ன்றாரு. எங்க நைனாவ பாத்ரூமுக்கே ரெண்டு பேரு தூக்கிகினு போறோம்ணா. அத்த எட்த்துடுங்கண்ணா. கையெடுத்துக் கும்புட்றேன்."

அவசரச் செயற்குழு கூடியது. பொருள்: 'வெளியிட்ட சாட்சி வீடியோவைத் திரும்பப் பெறுவது தகுமா?' சகோதரர் கில்பர்ட் உருக்கமாகப் பேசினார்.

"நல்லா ஓடுற வீடியோவை நீக்கினா அல்காரிதம் நம்மளக் கைவிட்டுடும்."

"அந்தப் புள்ள குடும்பத்தை நாம கைவிட்டுட்டோமே தம்பி. பொய்னு தெரிஞ்சும் வெச்சிருந்தா ஆண்டவருக்கு என்ன பதில் சொல்றது?" என்றார் ஃப்ளோரா அக்கா.

"ஆண்டவர் மன்னிப்பார்க்கா. அல்காரிதம் மன்னிக்காது."

இதற்கு மேல் விவாதிக்க என்ன இருக்கிறது? வீடியோ நீடிக்கும் என்றும், மகிமாவின் மனவருத்தத்தைக் கருத்தில் கொண்டு அதன் கீழே கூடுதலாக ஓர் இதயப் படம் சேர்க்கப்படும் என்றும் முடிவாயிற்று. எதிர்த்து வாக்களித்தவர் ஃப்ளோரா அக்கா மட்டுமே. அவர் அத்தோடு நில்லாமல், மகிமாவை அழைத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுக்கவும் செய்தார்.

விசாரணைக்கு எங்களையும் அழைத்தார்கள். மாணவர் ஊழிய வரலாற்றில் ஒரு சாட்சி, அரசு அலுவலகத்தில் சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்படுவது அதுவே முதல்முறையாக இருக்கும். சகோதரர் கில்பர்ட் சட்டைக்குக் கஞ்சி போட்டிருந்தார்.

விசாரித்த அதிகாரி ஓர் அம்மையார். மேனேஜர் தன் செல்பேசியில் எங்கள் படைப்பைத் திரையிட்டார். கால்கள் நடக்கும் இடம் வந்ததும் அம்மையார் நிறுத்தச் சொன்னார்.

"இது யாரோட கால்?"

எதிர்ப்பக்கம் நின்றிருந்த மகிமா, சகோதரரையே பார்த்தார். "சொல்லுங்கண்ணா. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். எங்க நைனாவுக்கு வேல போவாது."

அந்தக் கால்களைப் படம் பிடித்தவன் என்ற முறையில் எனக்கு அவற்றை நன்றாகத் தெரியும். அவை மெல்ல நாற்காலிக்கு அடியில் ஒதுங்கிக்கொண்டிருந்தன.

"மேடம், விசுவாசக் கண்ணால பார்த்தா அது தாஸ் ஐயாவோட கால்தான்" என்றார் சகோதரர்.

"நான் கண்ணாடி போட்டுத்தான் பார்க்கிறேன். அவர் கால்தானா?"

"அவர் விசுவாசத்துல நடக்கிறார், மேடம்."

"அதெல்லாம் இங்க எழுத முடியாதுங்க. நடக்கிறாரா, இல்லையா?"

சகோதரர் தொண்டையைக் கனைத்தார். இரண்டு லட்சம் பேர் அவர் மனக்கண்ணில் வந்து போயிருக்க வேண்டும்.

"நடக்கிறார்" என்றார்.

அம்மையார் என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"சேனலின் நிலைப்பாடே என் நிலைப்பாடு" என்றேன். பொறுப்பில் இருப்பவன் வேறு எப்படிப் பேச முடியும்?

"நடக்க முடியலைன்னு மகள் சொல்றாங்க. நடக்கிறார்னு அவங்க சபை ஆளுங்களே சொல்றீங்க. மருத்துவக் குழு பார்த்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் கூலி கொடுன்னு நான் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது" என்று அம்மையார் கோப்பை மூடினார். மேனேஜர் எழுந்து சகோதரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்குள் சகோதரரின் கால்கள் நாற்காலிக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தன.

வாசலில் மகிமா நின்றிருந்தார். அழவில்லை. சகோதரரின் கலைக்கண் அதையும் கவனித்தது.

"சிஸ்டர், சோதனையிலும் கண்ணீரில்லாத விசுவாசம்... சின்னதா ஒரு பதிவு எடுத்துக்கலாமா?" என்று செல்பேசியை நிமிர்த்தினார்.

"எடு" என்றார் மகிமா. 'அண்ணா' என்ற மரியாதை விடுபட்டிருந்தது. "ஆனா என் மூஞ்ச எடுக்காத. தோ, உன் கால எடு. எங்க நைனா காலு ஆஸ்பத்திரில கட்டு போட்டுகினு கெடக்குது, பீச்சுல நடந்தது என் காலுதான்னு சொல்லிக்கினே எடு. அத்த எத்தினி பேரு பாக்குறாங்கன்னு நானும் பாக்குறேன்."

சகோதரர் செல்பேசியைப் பைக்குள் வைத்தார். வெளிச்சம் சரியில்லை என்று என்னிடம் சொன்னார். உச்சி வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

மருத்துவக் குழு பார்க்கும் தேதி இன்னும் வரவில்லை. ராமதாஸின் வேலைக்கு வேறு ஆள் போட்டாயிற்று. மகிமா கல்லூரியை விட்டு நின்று, வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் நாள் முழுவதும் நின்றபடி சேலை விரித்துக் காட்டுகிறார். அவர் எங்களை வெறுத்து விலகிவிட்டார் என்று பரப்புகிறார்கள், அது தவறு. எங்களுடையது மாணவர் ஐக்கியம். அவர் இப்போது மாணவி அல்ல. விதிப்படி நாங்கள்தான் அவரைக் குழுவிலிருந்து நீக்கினோம்.

ஃப்ளோரா அக்காவும் பொறுப்பை உதறிவிட்டார். போகும்போது ஹால் வாசலில் நின்று, பிள்ளைகள் காதுபட, "இவ்ளோ நாள்ல அந்த மனுஷனை ஒரு தடவையாவது விசாரிச்சீங்களாடா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இந்த அவதூறை அதிகாரபூர்வமாக மறுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். வியாதிப்பட்டவரை விசாரிப்பது நம் தலையாய கடமை என்பதை அறியாதவர்கள் அல்ல நாங்கள். ராமதாஸின் விசாரணைக்கு சகோதரர் கில்பர்ட்டும் நானும் வேலைநாளில், வேகாத வெயிலில், ஆட்டோ பிடித்துப் போனோம். முடியும்வரை எழாமல் உட்கார்ந்திருந்தோம்.

கான்ட்ராக்டர் தரப்பு நாற்காலிகளில்.