தங்கள் மொபெட் காயில் சம்பந்தமாக

கான்சாபுரம்,
16.11.1991

ஜபல்பூர் பட்டாளத்தில் இருக்கும் மாப்பிள்ளை ஐயாதுரை அவர்களுக்கு மாமனார் சுயம்புலிங்கம் எழுதிக்கொண்டது. இங்கு நானும், தங்கள் அத்தை சீனியம்மாளும், மகள் வேலுத்தாயும், மூன்று நாளுக்கு முன் வந்து சேர்ந்த தங்கள் மகளும் நலம். அங்கே தங்கள் நலத்தையும் குளிர் எப்படி என்பதையும் அறிய ஆவல். தந்தி கிடைத்திருக்கும். தந்தியில் இடம் போதாததால் குழந்தையைப் பற்றி மட்டும் சொன்னேன். தாங்கள் என் பொறுப்பில் விட்டுப்போன மொபெட்டைப் பற்றிச் சொல்லவே இந்தக் கடிதம்.

செவ்வாய்க்கிழமை அடித்த மழையிலும் காற்றிலும் நம் தெருமுனைப் புளியமரம் வேரோடு சாய்ந்து பாதையை அடைத்துக்கொண்டது. மறுநாள் விடியும்போதே வேலுத்தாய்க்கு இடுப்புவலி எடுத்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போக வத்திராயிருப்பிலிருந்து டாக்ஸி கொண்டுவந்த பால்ச்சாமி, மரத்துக்கு அந்தப் பக்கமே நின்று ஹார்ன் அடிக்கிறான். ராஜபாளையம் மில்லில் முப்பது வருஷம் ஸ்டோரில் உட்கார்ந்து பிட்டர்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்தவன் நான். ஒரு நட்டைக்கூட என் கையால் முடுக்கியதில்லை. ஒரு நாளாவது நாமே ஒன்றை மாட்டி ஓட்டிக் காட்ட வேண்டும் என்கிற ஆசை அடிமனதில் கிடந்தது. மரக்கடை ஒன்றை மூடியபோது நான் வாங்கிவந்து, உங்கள் அத்தை வாயில் விழுந்து எழுந்த அந்த ஜெர்மன் மரம் அறுக்கும் மிஷினைப் பரணிலிருந்து இறக்கினேன். தங்களைவிட வயதில் மூத்த மிஷின். கயிற்றை நாற்பது தடவை இழுத்தேன். தும்மக்கூட இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி வரவில்லை. பொறி கொடுக்கும் காயில் போய்விட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். ஜெர்மனிக்கு எழுதிப் போட்டு வரவழைக்க நேரமில்லை. அப்போதுதான், மாப்பிள்ளை, என் கண் தங்கள் மொபெட்டின்மேல் விழுந்தது.

மொபெட் காயிலைக் கழற்றுவதற்குள் என் விரலில் மூன்று இடத்தில் ரத்தம். கொண்டுபோய் வைத்தால் ஓட்டைக்கு நேரே ஓட்டை வரவில்லை. அரை விரற்கடை விலகி நின்றது. அரம் எடுத்து ராவ உட்கார்ந்தேன். ராவினேன், ராவினேன், அப்படி ராவினேன். நடுவில் உங்கள் அத்தை வந்து ஏதோ சொன்னாள். "உம்" என்றேன். மறுபடியும் வந்து சத்தமாகச் சொன்னாள். "ஆகட்டும்" என்றேன். காயிலுக்கும் காந்தச் சக்கரத்துக்கும் நடுவே ஓர் அட்டை நுழையும் இடைவெளி இருக்க வேண்டும் என்று மில்லில் யாரோ பேசிக் கேட்டிருந்தேன். கைக்கு அகப்பட்டது தங்கள் கல்யாணப் பத்திரிகை. மணமக்கள் பெயர் கிழியாமல் ஓரத்தில்தான் கிழித்தேன். எல்லாம் மாட்டி முடித்தபோது மெல்லிய வயர் ஒன்று மிச்சமாக நின்றது. ஸ்டோர்காரனுக்கு மிச்சம் என்றால் சந்தோஷம்தானே. டேப் சுற்றி அழகாக ஒதுக்கி வைத்தேன். முதல் இழுப்பில் கயிறு எதிர்ப்பக்கம் வெட்டி இழுத்து என்னைக் குப்புறத் தள்ளியது. காயிலைத் துளி நகர்த்தி மறுபடி இழுத்தேன். மிஷின் அலறிக்கொண்டு கிளம்பியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகையினால் இல்லை.

இருபது நிமிஷத்தில் மரம் இரண்டாகிப் பாதை திறந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வேலுத்தாயைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, டாக்ஸி போகலாம்!" என்று கத்தினேன். அடுத்த வீட்டு இருளம்மாள் என் காதுக்குள் வந்து கத்தினாள்: "அண்ணாச்சி, அவிய வயக்காட்டு வழியாச் சுத்தி நடந்து, டாக்ஸியில ஏறிப் போயி மூணு மணி நேரம் ஆச்சு. ஒங்ககிட்டச் சொல்லிட்டுத்தானே போனாவ!"

உம் என்றதும் ஆகட்டும் என்றதும் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. மிஷினை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடலாம் என்று சுவிட்சைத் தட்டினேன். அணையவில்லை. நான் டேப் சுற்றி ஒதுக்கி வைத்தது சுவிட்சுக்குப் போகிற வயர். பல்சங்கிலி சுற்றிக்கொண்டே இருக்கிறது. கீழே வைத்தால் தானே ஊர்ந்து போகிறது. சுற்றிலும் ஊர் கூடி நிற்கிறது. அணைக்கத் தெரியாது என்று சொல்ல மானம் விடவில்லை. ஆகவே வேண்டுமென்றே அறுப்பதுபோல அறுத்தேன். அடிமரத்தைத் துண்டாக்கினேன், துண்டை விறகாக்கினேன். ஆசாமிக்கு இன்று நல்ல மனசு என்று எண்ணி ஆளாளுக்குச் சாமான் கொண்டுவந்தார்கள். "அண்ணாச்சி, இந்த ஒடஞ்ச கட்டிலையும் செத்த அறுத்துக் குடுங்க" என்று இருளம்மாள் கொண்டுவந்து போட்டாள். அதை அறுத்தேன். பக்கத்தில் நல்ல கட்டிலும் கிடந்தது. அதற்கும் இப்போது மூன்றே கால்கள்.

அந்த நேரத்தில்தான் பால்ச்சாமி திறந்த பாதையில் டாக்ஸியை விட்டுக்கொண்டு வந்தான். தலையை வெளியே நீட்டி, "அண்ணாச்சி, பொட்டப்புள்ள! பொட்டப்புள்ள!" என்று கத்தினான். எனக்கு இந்த இரைச்சலில் பெட்ரோல் என்று கேட்டது. "இருக்குலே! நெறைய இருக்கு! இன்னும் ஊத்தாதே!" என்று பதறிக் கத்தினேன். கூட்டம் சிரித்த சிரிப்பில்கூட எனக்கு உறைக்கவில்லை. டாங்கி காலியாகி மிஷின் தானாக ஓய்ந்த பிறகு, பால்ச்சாமி என் தோளைப் பிடித்து மெதுவாகச் சொன்னான்: "பேத்தி பொறந்திருக்கு அண்ணாச்சி. தாயும் பிள்ளையும் சொகம்." விறகுக் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையை நீட்டினேன். மிஷின் பிடித்த கை இரண்டும் நடுங்கிக்கொண்டே இருந்தன. உங்கள் அத்தை குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, "இந்தக் கையில பிள்ளையத் தரவா? போங்க அங்கிட்டு. நடுக்கம் நின்ன பொறவு வாங்க" என்றாள். வியாழக்கிழமை காலைதான் நின்றது. கொடுத்தாள். என் முகத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. வேலுத்தாயின் நெற்றி, தங்கள் மூக்கு.

தங்கள் காயிலைத் திரும்பத் தங்கள் வண்டியிலேயே மாட்டிவிட்டேன். ராவிய தழும்பு மட்டும் இருக்கும், பொறுத்தருள வேண்டும். இனி ஸ்பானரையோ ஸ்குரூ டிரைவரையோ தொடுவதில்லை என்று பேத்தியின் தலைக்கு நேராகச் சத்தியம் செய்திருக்கிறேன். நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் தங்களைத் தூரதேசத்தில் காத்து, பிள்ளையின் முகம் பார்க்கச் சீக்கிரம் லீவு கிடைக்கச் செய்வாராக.

ஆசிகளுடன்,
சுயம்புலிங்கம்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் வத்திராயிருப்பு ஆவுடையப்பன், ஓடாத மண்ணெண்ணெய்ப் பம்புசெட் இன்ஜினை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். "ஒரு மிஷின நிறுத்தாம அம்புட்டு நேரம் ஓட்டுன கை, அண்ணாச்சி!" என்கிறார். இப்படி ஒரு வார்த்தையை முப்பது வருஷத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. பிரித்துப் போட்டிருக்கிறேன். தங்கள் மொபெட்டின் கார்புரேட்டர் இதற்குச் சரியாக இருக்கும்போலத் தெரிகிறது. லீவில் வரும்போது ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் வந்துவிடவும்.