தாய்க்குலத்தின் காவலர்

பெண்களைத் தெய்வமாக மதிப்பவர் என்று ஓர் இனம் உண்டு. மேடையைக் கண்டால் தாய்க்குலம் என்பார். நாற்காலியைக் கண்டால் தாமே உட்கார்ந்துகொள்வார். மும்பை மாட்டுங்கா மளிகை வியாபாரி சிவனாண்டி அதில் அசல் சரக்கு. நான்கு முறை வென்ற மன்ற உறுப்பினர், இப்போது அவைத்தலைவர். எந்த மன்றம் என்று கேட்காதீர்கள். எதுவாக இருந்தால் என்ன?

இருபத்தொரு ஆண்களும் நான்கு பெண்களும் கொண்ட அந்த அவையில், தாராவியிலிருந்து புதிதாக வந்த ஜாக்குலின் முதல் நாளே எழுந்தார்.

“அண்ணாச்சி, நாலாம் மாடியில எங்களுக்கு டாய்லெட் இல்ல. கீழ எறங்கி ஏறி வாறதுக்குள்ள ஓட்டெடுப்பு முடிஞ்சிருது.”

சிவனாண்டிக்கு உண்மையாகவே நெஞ்சு கசிந்தது.

“நீங்கல்லாம் எங்களுக்குச் சாமில்லா தாயி! சாமிக்கு எதுக்கு அதெல்லாம்?”

ஆனாலும் சும்மா இருப்பாரா? ஆய்வுக்குழு அமைத்தார். ஏழு பேர், ஏழும் ஆண்கள். அவர்கள் பெண்களின் சிரமத்தை நேரில் உணரப் புனே, நாசிக், கோவா என்று அலைந்து, கோவாவில் மட்டும் ஐந்து நாள் தங்கி ஆழ ஆராய்ந்து, நான்காம் மாடி வராந்தாவில் பெண்மையைப் போற்றும் பளிங்குச் சிலை ஒன்று வைக்கலாம் என்று நாற்பது பக்கத்தில் பரிந்துரைத்தார்கள். எதிர்க்க வேண்டிய ஜாக்குலின் அப்போது கீழே போயிருந்தார். தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த கூட்டத்தன்று, நான்காம் மாடி ஆண்கள் கழிப்பறைக் கதவில் ‘பெண்கள்’ என்று ஓர் அட்டை தொங்கியது. யார் மாட்டியது என்று இன்றுவரை விசாரணை நடக்கிறது. அந்தக் கதவைத் தொட, பெண்களை மதிப்பவருக்கு மனம் வருமா? மூன்று டீ குடித்திருந்த சிவனாண்டி, “யம்மா, ரெண்டு நிமிசம் பாத்துக்கிடுங்க” என்று நாற்காலியை மூத்த உறுப்பினர் அகிலாண்டத்திடம் விட்டுவிட்டு, வேட்டியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினார். பின்னாலேயே பதினெட்டுப் பேர். லிஃப்ட் வழக்கம்போல் பழுது. மிச்சமிருந்த இரண்டு ஆண்களில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

மகளிர் கழிப்பறைத் தீர்மானம் நிறைவேறியது.

மூச்சிரைக்க ஏறி வந்த சிவனாண்டி, “நாங்க இல்லாத நேரமாப் பாத்தா தாயி?” என்றார்.

“நாங்க தெனமும் அப்டித்தான அண்ணாச்சி தோக்கோம்?” என்றார் ஜாக்குலின்.

திறப்பு விழாவில் சிவனாண்டி ரிப்பனை வெட்டி, பெண்களின் நெடுநாள் கனவை நனவாக்கியவர் தாமே என்று முக்கால் மணி நேரம் பேசி, முதல் ஆளாக உள்ளேயும் போய்விட்டார். நான்கு பெண்களும் வாசலில் நின்றார்கள்.

சிரிக்கிறீர்களா? ஒரே பாத்ரூம் உள்ள உங்கள் செம்பூர் வீட்டில், மனைவி எட்டேகால் லோக்கல் ரயிலைப் பிடிக்கத் தவித்து நிற்கும்போது, பேப்பரோடு உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்பவர் யார் ஐயா?