மூன்று தேக்கரண்டி எண்ணெயும் ஒரு கிண்ணம் குருமாவும்

எனக்குப் பஸ்ஸின் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அதற்கு மேல் படிப்பு ஏறவில்லை. ஆனால் சமையலில் நான் யாரிடமும் தோற்றதில்லை, ஒருத்தியைத் தவிர. அவள் பெயர் ரஹ்மத்.

என் வீட்டுக்காரருக்கு இதயத்தில் அடைப்பு எடுத்து வீட்டுக்கு அனுப்பியபோது, காரைக்குடி ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லிக்கொடுத்தவள் அவள். பள்ளத்தூர்ப் பெண்.

"உறையுற கொழுப்புதான் ஆச்சி ரத்தக்குழாய்க்கு ஆகாது. நெய்யி, டால்டா, தேங்காயெண்ணெய் எல்லாம் அதுல சேத்தி. கடலையெண்ணெய், நல்லெண்ணெய் தேவலை. அதுவும் அய்யாவுக்கு ஒரு நாளைக்கு மூணு தேக்கரண்டிதான்" என்றாள்.

(தேங்காயெண்ணெய் எங்கள் வீட்டில் தலைக்கு மட்டும்தான். அதனால் அந்தப் பேச்சு நமக்கில்லை என்று விட்டுவிட்டேன்.)

மூன்று மாசத்தில் ரத்தப் பரிசோதனை. கொழுப்பு குறையாவிட்டால் மறுபடியும் ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்றைக்கே எண்ணெய்ச் சட்டியைப் பரணில் ஏற்றினேன். மூன்று தேக்கரண்டிக்கு மேல் ஒரு சொட்டு விழவில்லை. ருசி குறைந்த இடத்தைத் தேங்காய்ப்பாலாலும் அரைத்த முந்திரியாலும் நிரப்பினேன். "பத்தியச் சாப்பாடு இம்புட்டு ருசியாவா இருக்கும்?" என்று வீட்டுக்காரர் தட்டை வழித்தபோதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தெரு முழுக்கப் பெருமை பேசினேன்.

பரிசோதனைக்கு ஒரு மாசம் இருக்கையில் ரஹ்மத்தை விருந்துக்கு அழைத்தேன். பக்கத்து வீட்டு ஆச்சிமார் நாலு பேரையும் கூட்டி வைத்தேன். பாராட்டுக்குச் சாட்சி வேண்டாமா?

அவள் குருமாவை இரண்டு தரம் கேட்டு வாங்கினாள். "ருசி தூக்குது ஆச்சி. எத்தனை தேங்கா?"

"எங்க ரெண்டு பேருக்குன்னா ஒண்ணு. இன்னைக்கு விருந்துல்ல, நாலு."

அவள் ஒரு கிண்ணம் குருமாவை பிரிட்ஜில் வைத்துவிட்டு வந்து, எங்களோடு ஊர்க்கதை பேசினாள். நாங்கள் வெற்றிலை போட்டு, பேசி ஓய்ந்த பிறகு கிண்ணத்தை எடுத்து வந்தாள். மேலே வெள்ளையாக ஓர் அடை உறைந்திருந்தது. என் தேக்கரண்டியையே வாங்கி அதை வழித்துத் தட்டில் வைத்தாள். ஆச்சிமார் சேர்ந்து எண்ணினார்கள். ஒன்று, இரண்டு என்று ஆறு வரை போனது.

"இதுவும் தேங்காயெண்ணெய்தான் ஆச்சி. செக்குல ஆட்டாம மிக்ஸியில ஆட்டிருக்கீக."

ஆச்சிமார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நெஞ்சில் கை வைத்தபடி, "மறுபடியும் ஆஸ்பத்திரியில படுக்கணுமா தாயி?" என்றார்.

"ஒரு மாசம் இருக்குல்ல அய்யா. இந்த ருசியக் கொண்டாந்த கைக்கு, அளவக் கொறைக்கவா தெரியாது?"

என்னைக் குற்றம் சொல்ல அவளுக்கு அத்தனை நியாயம் இருந்தும், சொன்னது அவ்வளவுதான். அடுப்படிக்கு வந்து, தேங்காய் எவ்வளவு, முந்திரி எத்தனை என்று என் கையாலேயே அள்ளவைத்துக் காட்டினாள். அப்படிச் சொல்லிக்கொடுக்க எத்தனை பேருக்கு வரும்? அடுத்த மாசம் கொழுப்பு குறைந்தது. டாக்டர் என்னைப் பாராட்டினார். நான் ரஹ்மத்தைக் கைகாட்டினேன்.

இப்போதும் நான் ஏதாவது பெருமை பேசத் தொடங்கினால் போதும், வீட்டுக்காரர் எழுந்துபோய் பிரிட்ஜ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"கொண்டா, செத்த நேரம் இங்குட்டு வச்சுப் பாப்போம்."